பாட்டியோட மறதி நோயால ஒரு படிப்பை தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 17 வயசு, இந்த வருஷம் ஸ்கூல் முடியுது. என்னை வளர்த்தது எங்க அப்பாவோட அம்மா தான். பாட்டிக்கு இப்ப 78, நாலு வருஷமா அல்சைமர். என் பேர் மறந்துடுச்சு, அவங்க தங்கச்சி பேரை சொல்லித்தான் என்னை கூப்பிடறாங்க. நான் நியூராலஜிஸ்ட் ஆகி இதுக்கு மருந்து கண்டுபிடிக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். அப்பா "இது பாசத்துல எடுக்கிற முடிவு, ரெண்டு வருஷத்துல மாறிடும்"ங்கறார். அவர் பாட்டி ரூமுக்கே அதிகமா வர்றதில்ல, எல்லாம் அம்மாவும் நானும் தான். ஒரு சமயம் பாட்டி பாத்ரூம் போகவே மாட்டேன்னு அழுதாங்க. ரெண்டு மூணு நாள் கவனிச்சப்புறம் தான் வாசல்ல விரிச்சிருந்த, கால் துடைக்கற கறுப்பு மிதியடியை தாண்ட பயப்படறாங்கன்னு புரிஞ்சது, எடுத்துப் போட்டதும் தானாவே நடந்து போனாங்க. சாயங்காலம் எப்பல்லாம் பதட்டமாகுதுன்னு ஒரு நோட்ல எழுதிட்டு வரேன். வெளியூர் போய் படிச்சா என்னை சுத்தமா மறந்துடுவாங்களா? அவங்க நோயை வச்சு என் வாழ்க்கையை அமைச்சுக்கறேனோன்னு குற்ற உணர்ச்சியாவும் இருக்கு. இது எனக்கும் வருமா? போன வாரத்துல இருந்து பகல்லயும் தூங்கிட்டே இருக்காங்க, சரியா பேச மாட்டேங்கறாங்க.

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

கடைசி வரில பாட்டி பகல்லயும் தூங்கிட்டே இருக்காங்கன்னு எழுதியிருந்தியே, அதுக்கு உன் லெட்டர் கெடச்ச அன்னைக்கே தனியா பதில் போட்டுட்டேன், இருந்தாலும் இதே நிலைமைல இருக்க மத்த வீட்டுக்காரங்களுக்காக இங்கயும் சொல்லிடறேன். அல்சைமர் மெதுவா நகர்ற நோய், மாசக்கணக்குல வருஷக்கணக்குல தான் மாற்றம் தெரியும். ஒரே வாரத்துல ஆளே மாறிட்டாங்கன்னா நோய் முத்திடுச்சுன்னு நினைச்சு உக்காந்துடாதீங்க, உடம்புல வேற ஏதோ நடக்குது. யூரின் இன்ஃபெக்ஷனா இருக்கலாம், நிமோனியாவா இருக்கலாம், மலச்சிக்கல், உடம்புல தண்ணி கம்மியானது, புதுசா ஆரம்பிச்ச மாத்திரை, கீழ விழுந்து தலைல பட்ட அடி, சொல்லத் தெரியாத வலி, எது வேணா இருக்கலாம். இதை டெலிரியம்னு சொல்லுவோம். சிலருக்கு கத்தல் கூச்சலா வரும், சிலருக்கு தூங்கி வழியறதா வரும், இந்த ரெண்டாவது வகை தான் கண்ணுல படாம போயிடும், ஏன்னா வீட்ல எல்லாரும் களைச்சு போயிருப்பாங்க, அப்பாடா இன்னைக்காவது அமைதியா இருக்காங்களேன்னு தோணும். அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்ட வேண்டிய விஷயம் இது, பெரும்பாலும் காரணத்தை கண்டுபிடிச்சு சரி பண்ணினா பழைய நிலைக்கு ஓரளவாவது திரும்புவாங்க.

இப்ப உன் விஷயத்துக்கு வரேன்.

உன் லெட்டரை இங்க இடத்துக்காக சுருக்கியிருக்கோம். முழுசா படிச்சப்ப எனக்கு ஒண்ணு தோணுச்சு. நியூராலஜிஸ்ட் ஆகணும், மருந்து கண்டுபிடிக்கணும்ங்கறது அதுல ஒரே ஒரு வரி தான். அந்த மிதியடி பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்க. பாட்டி எந்த இடத்துல நின்னாங்க, காலை எப்படி பின்னாடி இழுத்துக்கிட்டாங்க, லைட் போட்டா என்ன பண்ணினாங்க, வேற கலர் துணியை விரிச்சு பார்த்தப்ப என்ன ஆச்சு, அத்தனையும் இருக்கு. இது உனக்கு சாதாரணமா தெரியலாம். முதியோர் மனநல டாக்டரா ரொம்ப வருஷமா இந்த நோயாளிகளோடவே இருக்கேன், வீட்டுக்காரங்க நிறைய பேர் என்கிட்ட "டாக்டர், பிடிவாதம் பிடிக்கறாங்க"ன்னு தான் சொல்லுவாங்க, பிடிவாதத்துக்கு காரணத்தை தேடி மூணு நாள் காத்திருந்து கண்டுபிடிக்கறவங்க கம்மி.

அங்க என்ன நடந்துச்சுன்னும் சொல்றேன், உனக்கு தெரிஞ்சுக்க ஆசையா இருக்கும். பாட்டியோட கண்ணு நல்லா தான் இருக்கும், கண்ணு அனுப்புற படத்தை புரிஞ்சுக்கற மூளையோட பின் பகுதியும் அதுக்கு மேல இருக்க பகுதியும் இந்த நோய்ல பாதிக்கப்படுது, அதனால ஆழம் எது, வெறும் நிறம் எதுன்னு பிரிச்சு பார்க்கறது கஷ்டமாயிடும். வெளிர் நிற தரைல ஒரு கறுப்பு செவ்வகம் கிடந்தா அது அவங்களுக்கு குழி. பளபளன்னு இருக்க தரை ஈரமா தெரியும். சுவர் கலர்லயே இருக்க சுவிட்ச் கண்ணுலயே படாது. வெள்ளை டைல்ஸ்ல வெள்ளை டாய்லெட் இருந்தா எங்க உக்காரணும்னே தெரியாம நின்னுட்டிருப்பாங்க, சீட்டை மட்டும் நல்ல அழுத்தமான கலர்ல மாத்தினா பிரச்சனை பாதி தீர்ந்துடும். படுக்கைல இருந்து பார்த்தா டாய்லெட் கண்ணுக்கு தெரியற மாதிரி கட்டிலை திருப்பி போட்டதுல ராத்திரி துணியை நனைக்கறது குறைஞ்ச வீடுகள் இருக்கு.

இதை எல்லாம் படிச்சு, வீடு வீடா போய் பார்த்து, தினசரி காரியங்களை அந்த மனுஷரால செய்ய முடியற மாதிரி மாத்தி அமைக்கறதுக்குன்னே ஒரு தொழில் இருக்கு, ஆக்குபேஷனல் தெரபி. உன் லெட்டர்ல அந்த பேரே இல்ல. உன் வயசுல பல பேருக்கு டாக்டர்னா ஒரு வேலை, நர்ஸ்னா ஒரு வேலை, அவ்வளவு தான் தெரியும், தப்பில்ல, யாரும் சொல்லித் தர்றதில்ல. நான் சொல்ல வர்றது நியூராலஜி வேணாம்னு இல்லம்மா. மருந்து கண்டுபிடிக்கணும்ங்கறது நீ பாட்டிக்காக வச்சிருக்க ஆசை. மிதியடியை கவனிச்சது நீ யாருங்கறதை காட்டுது. முதல்ல சொன்ன ஆசை பாட்டி இருக்கற வரைக்கும் உன்னை ஓட வைக்கும், ரெண்டாவது அதுக்கு அப்புறமும் இருக்கும். படிப்பை முடிவு பண்ணும்போது இந்த ரெண்டையும் பிரிச்சு பாரு.

எப்படி பிரிக்கறதுன்னா, அந்த மிதியடியை எடுத்துப் போட்ட அன்னைக்கு ராத்திரி உன் மனசு எங்க நின்னுச்சுன்னு யோசி. "ஏன் குழியா தெரிஞ்சுச்சு, மூளைல எந்த இடம்"னு தேடி தேடி படிச்சிருந்தன்னா உனக்கு நரம்பியல் ஆராய்ச்சி, நியூராலஜி, நியூரோசைக்காலஜி (மூளைக்கும் நினைவு, நடத்தைக்கும் இருக்க தொடர்பை படிக்கறது) இந்த பக்கம் நல்லா பொருந்தும். வீட்டை சுத்தி வந்து இன்னும் எதெல்லாம் அவங்களுக்கு தடையா இருக்கும்னு பார்த்திருந்தன்னா ஆக்குபேஷனல் தெரபி. பாட்டியை விட அம்மா தூங்கி எத்தனை நாளாச்சுங்கறது தான் உறுத்துச்சுன்னா கவுன்சலிங், சோஷியல் ஒர்க். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி மறதி நோயாளிகளை பார்த்துக்கற நேரத்துல 70 சதவீதம் பெண்கள் கொடுக்கறது தான், அதுல உன் அம்மாவும் ஒருத்தர், அவங்கள பார்க்கறதுக்கும் ஆள் வேணும். அந்த நோட்டு உனக்கு ரொம்ப பிடிச்ச வேலையா இருந்தா நர்ஸிங்கை ஒரு தடவை நல்லா யோசி, நாள் முழுக்க பக்கத்துல இருந்து சின்ன மாற்றத்தையும் பிடிக்கறவங்க அவங்க தான், நான் பாதி முடிவை அவங்க சொல்றதை வச்சு தான் எடுக்கறேன். விழுங்கறதுல கஷ்டம், வார்த்தை வராம தடுமாறுறது, இதுக்கெல்லாம் ஸ்பீச் தெரபிஸ்ட் இருக்காங்க. கட்டிடம் வரையறவங்க கூட இதுல இருக்காங்க, நெதர்லாந்துல வீஸ்ப் ஊர்ல ஹோகவைக்னு ஒரு குடியிருப்பு 2009-ல ஆரம்பிச்சாங்க, முத்தின மறதி நோய் இருக்கவங்க தெரு, கடை, தோட்டம்னு சாதாரண ஊர்ல இருக்க மாதிரியே நடமாடி வாழற மாதிரி கட்டியிருக்காங்க.

நோட்டு பத்தி சொன்னதும் ஒரு விஷயம் ஞாபகம் வருது. 1901-ல ஜெர்மனியில ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனைக்கு அகுஸ்தே டீட்டர்னு 51 வயசு பெண்ணை கூட்டிட்டு வந்தாங்க. அங்க இருந்த டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் அவங்க பக்கத்துல உக்காந்து கேள்வி கேட்டு, அவங்க சொன்ன பதிலை அப்படியே எழுதி வச்சார், பேர் என்ன, வீட்டுக்காரர் பேர் என்ன, இது என்ன பொருள், இப்படி. 1906-ல அந்த அம்மா இறந்தப்ப அவர் வேற ஊர்ல இருந்தார், அப்பவும் மறக்காம மூளையை வரவழைச்சு மைக்ரோஸ்கோப்ல பார்த்து, இன்னைக்கு நாங்க அமிலாய்டு படிவு, டௌ முடிச்சுன்னு சொல்ற புரதச் சேர்க்கைகளை விவரிச்சார். அதே வருஷம் ஒரு டாக்டர்கள் கூட்டத்துல சொன்னப்ப யாரும் பெருசா கண்டுக்கல. 1910-ல தான் க்ரெப்பலின்ங்கற மனநல டாக்டர் தன் பாடப்புத்தகத்துல அந்த நோய்க்கு அல்சைமர் பேரை வச்சார். மைக்ரோஸ்கோப் வேலை பெரிய வேலை தான், ஆனா அதுக்கு முன்னாடி ஒருத்தர் சொன்னதை பொறுமையா கேட்டு எழுதின வேலை இருக்கு பாரு, அதை நீ ஏற்கனவே செய்யற. அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது அந்த நோட்டை கண்டிப்பா கொண்டு போ.

மருந்து விஷயத்துல உனக்கு உண்மையை சொல்லணும். டோனெபெசில் 1996-ல இருந்து இருக்கு, மெமான்டின் அமெரிக்காவுல 2003-ல வந்துச்சு, ரெண்டும் அறிகுறியை கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், நோயை நிறுத்தாது. மூளைல படியற அமிலாய்டை எடுக்கற லெகானெமாப் 2023-லயும் டொனானெமாப் 2024-லயும் அங்க முழு அனுமதி வாங்கிச்சு, இது உண்மையிலேயே பெரிய விஷயம், ஏன்னா நோயோட அடிப்படையை தொடற மருந்து எதுவும் அதுக்கு முன்னாடி அங்க முழு அனுமதி வாங்கல. ஆனா அதுவும் ஆரம்ப கட்டத்துல இருக்கவங்களுக்கு மட்டும் தான், நோய் நகர்ற வேகத்தை குறைக்கும் அவ்வளவு தான், மூளைல வீக்கமோ ரத்தக்கசிவோ வருதான்னு எம்ஆர்ஐ எடுத்து எடுத்து பார்த்துட்டே இருக்கணும். நாலு வருஷம் தாண்டி வந்துட்ட உன் பாட்டிக்கு இது பொருந்த வாய்ப்பு இல்ல. நீ டாக்டராகி நியூராலஜி முடிக்க பத்து வருஷத்துக்கு மேல ஆகும். அல்சைமர்னு தெரிஞ்சப்புறம் சராசரியா நாலுல இருந்து எட்டு வருஷம் இருப்பாங்க, சிலர் இருபது வருஷம் கூட இருப்பாங்க. அதாவது நீ படிச்சு முடிக்கறப்ப பாட்டி இருக்க மாட்டாங்கன்னு தான் நினைச்சுக்கணும். இதை எழுத எனக்கும் கஷ்டமா தான் இருக்கு, ஆனா இதை தெரிஞ்சுக்காம நீ உள்ள வந்தா, அவங்க போற அன்னைக்கு உனக்கு பாட்டியும் போயிடுவாங்க படிக்கற காரணமும் போயிடும். அப்படி நடுவுல நின்னவங்களை நான் பார்த்திருக்கேன், நல்ல பிள்ளைங்க, அறிவான பிள்ளைங்க.

அதனால ஒரு காரியம் பண்ணு. உனக்கு எந்த உறவும் இல்லாத ஒரு மறதி நோயாளியோட கொஞ்ச நாள் நேரம் செலவு பண்ணு. முதியோர் இல்லமோ, பகல் நேர பராமரிப்பு மையமோ எதுவா இருந்தாலும் சரி, அங்க இருக்கவங்க அனுமதியோட, அங்க வேலை செய்யறவங்க சொல்றபடி, வாரம் ஒரு நாள் போ. உன் பாட்டி ஒரே கேள்வியை இருபது தடவை கேட்டா நீ பதில் சொல்லுவ, ஏன்னா உன்னை தூக்கி வளர்த்தவங்க. முன்ன பின்ன தெரியாத ஒருத்தர், உன்னை திட்டறவர், உன் கையை தட்டிவிடறவர், அவர் ஏன் அப்படி பண்றார்னு உனக்கு தெரிஞ்சுக்கணும்னு தோணுதான்னு பாரு. இரக்கம் வருதாங்கறது இங்க கேள்வி இல்ல, இரக்கம் எல்லாருக்கும் வரும். தெரிஞ்சுக்கணும்னு தோணுதாங்கறது தான் நான் கேக்கறது. இன்னொண்ணையும் அங்க பார்ப்ப. எங்க நோயாளிங்க யாரும் குணமாகி வீட்டுக்கு போறதில்ல. போன மாசம் தானா சட்டை போட்டவர் இந்த மாசம் போட மாட்டார். இன்னைக்கு பயப்படாம குளிச்சார், இன்னைக்கு அவர் மகள் ரெண்டு மணி நேரம் நிம்மதியா தூங்கினாங்க, இதை ஒரு நல்ல நாள்னு உன்னால மனசார எடுத்துக்க முடியுதான்னு பாரு. எனக்கு முடியுது, எங்க டீம்ல இருக்கவங்களுக்கு முடியுது, முடியாத நல்ல டாக்டர்களும் இருக்காங்க, அவங்க வேற பிரிவுல பிரமாதமா இருக்காங்க.

அப்பா விஷயத்தை பத்தி ரொம்ப நேரம் யோசிச்சேன். நீ அவர் மேல கோவமா இருக்கன்னு எழுத்துலயே தெரியுது. ஆனா பாரும்மா, உனக்கு பாட்டி, அவருக்கு அது அம்மா. தன்னை பெத்தவங்க தன்னை யாரோ மாதிரி பார்க்கறதை தாங்க முடியாம ரூம் வாசல்லயே நின்னுடற மகன்கள் நிறைய பேர், என் ரூமுக்கும் வருவாங்க, மாத்திரை பத்தி மட்டும் கேப்பாங்க, கண்ணை பார்க்க மாட்டாங்க. அவங்களுக்கு பாசம் இல்லைன்னு ஒரு நாளும் எனக்கு தோணினதில்ல. எந்த ரூமுக்குள்ள அவரால பத்து நிமிஷம் இருக்க முடியலயோ அந்த மாதிரி ரூமுக்குள்ள தன் பொண்ணு வாழ்நாள் பூரா இருக்கப் போறாங்கறது அவருக்கு எப்படி இருக்கும். "மாறிடும்"ங்கறாரே, மாறிடணும்னு கூட வேண்டிட்டிருக்கலாம். இது என் ஊகம் தான். நான் சொல்லி நீ அவர்கிட்ட போய் இதையெல்லாம் விளக்க வேணாம். படிப்பு பேச்சை விட்டுட்டு, பாட்டி உங்க சின்ன வயசுல எப்படி இருந்தாங்கப்பான்னு மட்டும் ஒரு நாள் கேளு. பேசினா பேசட்டும், பேசலன்னா விட்டுடு. அவர் சொன்னதுல ஒரு நியாயமும் இருக்கு, ரெண்டு வருஷத்துல மனசு மாறலாம், 17 வயசுல யாருக்கும் மாறலாம். மாறினாலும் நீ பாட்டிக்கு துரோகம் பண்ணினதா ஆகாது.

நீ வெளியூர் போனா மறந்துடுவாங்களான்னு கேட்ட. பேரை ஏற்கனவே மறந்துட்டாங்க, ஆனா தங்கச்சி பேர் சொல்லி கூப்பிடறாங்கன்னா நீ வேண்டியவள், சின்னவள், பக்கத்துல இருக்கலாம்ங்கறது அவங்களுக்கு தெரியுது. 2014-ல அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழகத்துல ஒரு ஆய்வு பண்ணினாங்க, அல்சைமர் இருக்கவங்களுக்கு சோகமான படக்காட்சியும் சந்தோஷமான படக்காட்சியும் போட்டு காட்டினாங்க, கொஞ்ச நேரத்துல என்ன பார்த்தோம்ங்கறதே பல பேருக்கு ஞாபகம் இல்ல, ஆனா அந்த சோகமும் சந்தோஷமும் மனசுல தங்கியிருந்துச்சு. நீ வந்துட்டு போனது மறந்து போகும், நீ வந்ததால வந்த நிம்மதி அப்புறமும் கொஞ்ச நேரம் இருக்கும். லீவுக்கு வரும்போது "நான் யாரு சொல்லுங்க"ன்னு மட்டும் கேக்காத, அது அவங்களுக்கு பரீட்சை. முன்னாடி வந்து, அவங்க கண்ணு உயரத்துக்கு உக்காந்து, நீயே உன் பேரை சொல்லு. தங்கச்சின்னு நினைச்சா நினைச்சுக்கட்டும், திருத்தாத.

குற்ற உணர்ச்சி வேணாம். ஒருத்தரை பார்த்து ஒரு தொழிலுக்கு வர்றது அவங்களை பயன்படுத்திக்கறது ஆகாது. ஒரே ஒரு இடத்துல கவனமா இரு. காலேஜ்ல சேர்றதுக்கு எழுதற கட்டுரைல, இன்டர்வியூல பாட்டியை பத்தி பேசுவ, அப்ப அவங்க துணி நனைஞ்சதையும் அழுததையும் சொல்லாத, அவங்களுக்கு புத்தி தெளிவா இருந்திருந்தா எதை வெளில சொல்ல விட்டிருப்பாங்களோ அதை மட்டும் சொல்லு. மிதியடி கதை தாராளமா சொல்லலாம், அதுல நீ என்ன பண்ணினங்கறது தான் இருக்கு.

எனக்கும் வருமான்னு கேட்டதுக்கு சுருக்கமா சொல்றேன். நேரடியா தலைமுறைக்கு தலைமுறை வர்ற மரபணு வகை மிக அபூர்வம், அல்சைமர் இருக்கவங்கள்ல நூத்துல ஒருத்தருக்கும் கம்மி, அதுவும் பெரும்பாலும் 65 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிக்கும். பாட்டிக்கு 74-ல தான் ஆரம்பிச்சிருக்கு. அபோஈ 4-ங்கற மரபணு இருந்தா வாய்ப்பு கூடும், ஆனா இருக்கற எல்லாருக்கும் வர்றதில்ல, இல்லாதவங்களுக்கும் வருது. 2024-ல லான்செட்ங்கற மருத்துவ இதழோட நிபுணர் குழு 14 காரணங்களை பட்டியல் போட்டு, அதையெல்லாம் சரி பண்ணினா சுமார் 45 சதவீதம் பேருக்கு மறதி நோயை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம்னு சொல்லியிருக்காங்க. பிபி, சுகர், கெட்ட கொழுப்பு, காது கேக்காம போறது, கண் பார்வை குறையறது, சிகரெட், தலைல அடி, தனிமை, மனச்சோர்வு இதெல்லாம் அதுல இருக்கு. உன் வயசுல இதுக்காக பயந்துட்டு இருக்க தேவையில்ல, டெஸ்ட் எதுவும் எடுக்கவும் வேணாம். அப்பா அம்மாவோட பிபி, சுகர், காது இதை பார்க்க சொல்லு, அது இப்பவே செய்ய வேண்டியது.

படிப்பை பொறுத்தவரைக்கும் அடுத்த சில மாசத்துக்கு எந்த கதவையும் மூடாத. நான் மேல சொன்னதுல நிறைய படிப்புக்கு பயாலஜி தேவைப்படும், கூட வேற என்ன பாடம் கேக்கறாங்கன்னு பார்த்துக்கோ, மெடிசினுக்கும் அப்ளை பண்ணு, ஆக்குபேஷனல் தெரபிக்கும் அப்ளை பண்ணு, நர்ஸிங் பாடத்திட்டத்தையும் ஒரு தடவை எடுத்து படி. நடுவுல அந்த மையத்துக்கு போக ஆரம்பி. ஒரு ஆறு ஏழு வாரம் போனதுக்கு அப்புறம் எனக்கு இன்னொரு லெட்டர் போடு, அதுல பாட்டியை பத்தி எழுத வேணாம், அங்க பார்த்த யாராவது ஒருத்தரை பத்தி, பேர் போடாம, ஒரு பக்கம் எழுது. எழுத ஒண்ணுமே தோணலன்னா அதையும் அப்படியே எழுது, அதுக்கு ஏத்த மாதிரி அடுத்து என்ன படிக்கலாம்னு சேர்ந்து யோசிப்போம்.